மேடு பள்ளமான பார்-3 கோல்ஃப்: எங்கட ஆக்கள் கேக்கிற கேள்வியளும் பதிலும்

திருகோணமலையில கோல்ஃப் எண்டு வாய் திறந்தா "அது படைக்காரரும் பெரிய ஆக்களும் விளையாடுறதெல்லோ" எண்டுதான் முதல்ல கேப்பினம். சீனக்குடாவில விமானப்படை நடத்துற ஈகிள்ஸ் கோல்ஃப் லிங்க்ஸ் இருக்கு, 18 ஹோல், முழு அளவு கோர்ஸ். ஆனா என்னட்டக் கேக்கிறவையில முக்காவாசிப் பேர் வேற ரகம். பிள்ளையளைப் பாக்க லண்டன், ரொறன்ரோ எண்டு போய், அங்க பேரப்பிள்ளையள் பக்கத்தில இருக்கிற குட்டிப் பார்-3 கோர்ஸுக்குக் கூட்டிக்கொண்டு போக, போய்ப் பாத்தா 9 ஹோலும் மலைச்சரிவில, என்ன செய்யிறதெண்டு தெரியாம நிண்ட அங்கிள்மார் அன்ரிமார். மிச்சம் சீனக்குடாவில ஒருக்கா ரெண்டு தரம் அடிச்சுப் பாத்துப்போட்டு வெளிநாடு போற பெடியள். நான் இங்கிலாந்தில தங்கச்சி வீட்ட நிண்ட காலத்தில அப்பிடி ஒரு சரிவுக் கோர்ஸிலதான் பழகினனான், இப்ப உவர்மலையில இருந்துகொண்டு போனில ஒரே பதிலைத் திரும்பத் திரும்பச் சொல்லி அலுத்துப்போச்சு, அதால எல்லாத்தையும் சேத்து எழுதிவிடுறன்.

பார்-3 கோர்ஸ் எண்டா என்ன? பிட்ச் அண்ட் பட் எண்டுறதும் அதுவோ?

ஒரு ஹோலை, அதாவது டீ எண்டு சொல்லுற துவங்கிற இடத்தில இருந்து குழி வரைக்குமான ஒரு துண்டை, எத்தின அடியில முடிக்கவேணும் எண்டு வைக்கிற கணக்குத்தான் பார். சாதாரண கோர்ஸில 3, 4, 5 கலந்து வரும், 18 ஹோலுக்கும் கூட்டினா 70, 72 எண்டு நிக்கும். பார்-3 கோர்ஸில எல்லா ஹோலும் 3, 9 ஹோல் எண்டா மொத்தம் 27. ஒரு அடியில கிரீனுக்கு (குழியும் கொடியும் இருக்கிற, புல்லை ஒட்ட வெட்டின இடம்) போறது, ரெண்டு பட்டில (பந்தை நிலத்தோட உருட்டிற அடி) குழிக்குள்ள விடுறது, அவ்வளவுதான் திட்டம். பிட்ச் அண்ட் பட் அதிலயும் குட்டி. அதுக்கெண்டு இருக்கிற சர்வதேச விதியில ஒரு ஹோல் 90 மீற்றருக்கு மேல போகேலாது, கிளப்பும் (அடிக்கிற மட்டை) 3தான், அதில ஒண்டு பட்டர் (உருட்டிற மட்டை). அயர்லாந்தில அதை ஒரு தனி விளையாட்டாவே வைச்சிருக்கிறாங்கள். இங்கிலாந்தில பூங்காக்களுக்குள்ள இப்பிடிக் கோர்ஸ் கனக்க இருக்கு, கன இடங்களில காசைக் குடுத்தா கிளப்பும் பந்தும் அங்கயே வாடகைக்குக் கிடைக்கும்.

சின்னதுதானே, லேசாத்தானே இருக்கும்?

அப்பிடி நினைச்சுக்கொண்டுதான் எல்லாரும் போறவை, மூண்டாம் ஹோலோட சத்தம் அடங்கிப்போகும். பெரிய கோர்ஸில முதல் அடி கோணினாலும் ரெண்டாவதில சரிக்கட்ட இடம் இருக்கு. இதில முதல் அடியே கிரீனில நிக்கவேணும், கிரீனோ சின்னன், அதுவும் சரிவு, தப்பினா பந்து மேட்டிலயிருந்து உருண்டு பத்தைக்குள்ள.

ஸ்கொட்லாந்தில ரோயல் ட்றூன் கோர்ஸின்ர 8ம் ஹோலைப் பாருங்கோ, 'போஸ்டேஜ் ஸ்டாம்ப்' எண்டு பேர், வெறும் 123 யார் (யார் எண்டது கெஜம், ஒரு மீற்றருக்குச் சொட்டுக் குறைய). 1950ல பிரிட்டிஷ் ஓப்பன் போட்டியில ஒரு ஜேர்மன் அமெச்சூர் அதில 15 அடி அடிச்சவர். 1997ல டைகர் வூட்ஸே கடைசி நாள் அதில 6 அடிச்சவர். அதே ஹோலில 1973ல அமெரிக்காவின்ர பழைய சாம்பியன் ஜீன் சாரஸன் 71 வயசில 5ம் அயன் எண்ட கிளப்பால ஒரே அடியில போட்டவர், அடுத்த நாள் பங்கருக்க (மணல் குழி) இருந்து நேர உள்ள விட்டவர், ரெண்டு நாளும் அந்த ஹோலில பட்டரைத் தொடவே இல்ல. பலத்துக்கு இதில வேலை இல்லை எண்டுறதுக்கு வேற சாட்சி வேண்டாம்.

அமெரிக்காவில மாஸ்டர்ஸ் எண்ட பெரிய போட்டி நடக்கிற ஓகஸ்டா நஷனலிலயும் 1958ல கட்டின 9 ஹோல் பார்-3 கோர்ஸ் ஒண்டு தனியா இருக்கு, மொத்தமே 1,060 யார். 1960ல இருந்து மாஸ்டர்ஸ் துவங்கிறதுக்கு முதல்நாள் புதன்கிழமை அதில போட்டி, முதல் வருசம் வெண்டது சாம் ஸ்னீட். 2016ல ஜிம்மி வோக்கர் அதில 19 அடிச்சவர், 27க்கு 8 குறைய. பேரப்பிள்ளை தோளில ஏறியிருக்க, மனுசி கிளப் பையைத் தூக்க, அவங்கள் சிரிச்சுச் சிரிச்சு விளையாடுவாங்கள், பாக்க நல்ல வடிவு.

எத்தின கிளப் கொண்டு போகவேணும்? முழு செற் வாங்கவோ?

வேண்டாம். விதிப்படி 14 வரைக்கும் கொண்டு போகலாம், ஆனா மலையில 14 கிளப்பைத் தூக்கிக்கொண்டு ஏறினா 4ம் ஹோலில தோள் கழண்டு போகும். 7ம் அயன், 9ம் அயன், பிட்ச்சிங் வெட்ஜ், சாண்ட் வெட்ஜ், பட்டர், இந்த 5 காணும். அயன் எண்டுறது இரும்புக் கிளப், நம்பர் கூடக் கூட பந்து உயரமாப் போய்க் கிட்ட விழும், வெட்ஜ் அதிலயும் கிட்டத்துக்கு. 150 யாருக்கு மேல ஹோல் இருந்தா ஒரு 5ம் அயன் அல்லது ஹைபிரிட் (அயனும் மரக்கிளப்பும் கலந்த மாதிரி ஒண்டு). டிரைவரை (ஆகத் தூரத்துக்கு அடிக்கிற பெரிய கிளப்) வீட்டில வைச்சிட்டு வாங்கோ. வெளிநாட்டில இருந்து வாறவையிட்டச் சொன்னா பழைய கிளப் மலிவா வாங்கிக்கொண்டு வருவினம், பந்தும் பழசே காணும், சரிவுக் கோர்ஸில புதுப் பந்து வாங்கி அடிக்கிறது காசைப் பத்தைக்குள்ள எறியிற வேலை.

கிரீன் மேட்டில இருந்தா, பள்ளத்தில இருந்தா தூரத்தை எப்பிடிக் கணக்குப் பாக்கிறது?

இதுதான் எல்லாத்திலயும் முக்கியமான கேள்வி, ஆனா கணக்கு சிம்பிள். எத்தின மீற்றர் மேல ஏறுதோ அத்தின மீற்றரைத் தூரத்தோட கூட்டுங்கோ, எத்தின மீற்றர் கீழ இறங்குதோ அத்தினையைக் கழியுங்கோ. 100 மீற்றர் ஹோல், கிரீன் உங்கட காலடியை விட 8 மீற்றர் உயரத்தில எண்டா 108 மீற்றருக்கு அடிக்கிற கிளப்பை எடுக்கவேணும். அதே 8 மீற்றர் கீழ எண்டா 92. வெட்ஜில பந்து கூடின சரிவில இறங்கி விழுறதால இந்தக் கணக்கை விடக் கொஞ்சம் குறைய எடுத்தாலும் சரி. 5ம் அயனில பந்து தட்டையா வரும், அதுக்கு முன்னால மேடு வெள்ளனவே வந்து மறிச்சுப்போடும், அதால ஏத்தத்தில நீளக் கிளப்புக்குக் கூட்டித்தான் பாக்கவேணும்.

உயரத்தை எப்பிடி அறியிறது? தூரம் அளக்கிற லேசர் மெஷின் இருந்தா சரிவையும் சேத்துச் சொல்லும், விளையாட்டுக்குப் பரவாயில்ல, போட்டி எண்டா அந்தச் சரிவு பாக்கிற வசதியை நிப்பாட்டி வைக்கவேணும். மெஷின் இல்லாதவைக்கு நான் சொல்லிக்குடுக்கிற வழி இது. கிளப்பைக் கண்மட்டத்தில கிடையாப் பிடியுங்கோ, அந்தக் கோடு முன்னால இருக்கிற சரிவில எந்த இடத்தை வெட்டுதெண்டு பாருங்கோ. அங்க இருந்து கொடியின்ர அடி வரைக்கும், அந்தக் கொடிக்கம்பையே ஒண்டுக்கு மேல ஒண்டா நிப்பாட்டினா எத்தின கம்பு வரும்? கம்பு ஏறக்குறைய 7 அடி, அதாவது ரெண்டு மீற்றருக்குச் சொட்டுக் கூட. 3 கம்பு எண்டா 6 மீற்றர், அதோட உங்கட கண் நிலத்தில இருந்து ஒண்டரை மீற்றர் உயரத்தில இருக்கு எண்டதையும் கூட்டினா ஏழரை. முதல் நாள் குத்துமதிப்பாத்தான் வரும், பேந்து கண் பழகீரும். வீட்டு மாடி ஒண்டு 3 மீற்றர் எண்டு வைச்சும் பாக்கலாம், "அது ரெண்டு மாடி உயரம்" எண்டு சொல்லிப் பழகின ஆக்கள் அனேகமாச் சரியாத்தான் சொல்லுவினம்.

இன்னொண்டு, ஏத்தத்துக்கு எண்டு பலமா அடிக்க வெளிக்கிடாதேங்கோ. கிளப்பை மாத்துங்கோ, வீச்சை மாத்தாதேங்கோ. மேட்டைக் கண்டவுடன எங்கட உடம்பு தானா இறுகும், வலது தோள் கீழ இறங்கும், பந்தைத் தூக்கிவிடுற மாதிரி ஒரு வீச்சு வரும், அப்ப கிளப் முதல்ல நிலத்தை வெட்டும், பந்து 30 யார் போய்ப் படுக்கும். தூக்கிற வேலையை கிளப்பின்ர சரிஞ்ச முகம் பாத்துக்கொள்ளும்.

காத்தடிச்சா?

எங்கட ஊரில மே மாசத்துக்குப் பிறகு கச்சான் அடிக்கத் துவங்கினா மத்தியானத்தில நிக்கவே ஏலாது, அதால சீனக்குடாவில விளையாடுற ஆக்களுக்குக் காத்தைப் பற்றிப் பாடம் தேவையில்ல. ஆனா மலைக்கோர்ஸில காத்து ஒளிச்சிருக்கும். டீ பள்ளத்துக்குள்ள, சுத்திவர மரம், ஒரு இலை அசையாது, பந்து மரத்துக்கு மேல எழும்பினவுடன காத்து பிடிச்சுத் திருப்பும். நிலத்தில இருக்கிற புல்லைப் பிடுங்கி எறிஞ்சு பாக்கிறது அங்க சரிவராது. மரத்தின்ர உச்சியைப் பாருங்கோ, கொடி எந்தப் பக்கம் பறக்குது எண்டு பாருங்கோ, ரெண்டும் வேற வேற சொன்னா நான் மர உச்சியைத்தான் நம்புவன், பந்து கூட நேரம் அந்த உயரத்திலதான் நிக்கும்.

உயரத்தில இருந்து பள்ளத்துக்கு அடிக்கிற ஹோலில காத்தின்ர வேலை இன்னும் கூட. பந்து விழ நேரம் எடுக்குது, அவ்வளவு நேரமும் காத்து அதைத் தள்ளிக்கொண்டே இருக்கும். கலிபோர்னியாவில பெபிள் பீச் 7ம் ஹோல் நூறு யாருக்குச் சொட்டுக் கூட, கடலைப் பாத்து இறக்கத்தில அடிக்கிறது, காத்தில்லாத நாளில சாண்ட் வெட்ஜ், கடல் காத்து எதிர்த்து அடிச்சா நடு அயன் எடுக்கவேண்டி வரும். எதிர்காத்துக்கு ஒண்டு ரெண்டு கிளப் கூட (9க்குப் பதிலா 8, 7 எண்டு) எடுத்து மெதுவா அடியுங்கோ. பலமா அடிச்சா பந்தின்ர சுழற்சி கூடும், சுழற்சி கூடினா பந்து மேல ஏறும், ஏறினா காத்து பிடிக்கும்.

குளிரையும் மறக்கக்கூடாது. எங்கட 33 பாகை வெயிலில பறந்த பந்து இங்கிலாந்தில ஏப்ரல் மாசத்துக் குளிரில சில யார் குறையத்தான் போகும், குளிர்காத்து அடர்த்தி கூட, உடம்பும் ஜக்கெட்டுக்குள்ள இறுகியிருக்கும். "ஊரில 9ம் அயனில போறது இஞ்ச போகுதில்லையே" எண்டு யோசிக்காம 8ஐ எடுங்கோ.

60 யார், 75 யார் ஹோலுக்கு எப்பிடி அடிக்கிறது? முழு வீச்சு வீசினா கடந்து போகுது.

கை எங்க வரைக்கும் போகுது எண்டதை வைச்சு மூண்டு வீச்சைப் பழகுங்கோ: இடுப்பு வரை, நெஞ்சு வரை, தோள் வரை. பின்னால எவ்வளவு போகுதோ முன்னாலயும் அவ்வளவு. வேகத்தைக் கையால கூட்டிக் குறைக்கிறேல்ல, எல்லாத்துக்கும் ஒரே தாளம். சாண்ட் வெட்ஜ், பிட்ச்சிங் வெட்ஜ், 9ம் அயன் மூண்டுக்கும் இந்த மூண்டு வீச்சையும் அடிச்சுப் பாத்தா உங்கட கையில 9 தூரம் இருக்கும், பார்-3 கோர்ஸுக்கு அதுவே தாராளம். தூரங்களை ஒரு துண்டில எழுதி பைக்குள்ள வையுங்கோ.

திருகோணமலையில எங்க பழகிறது எண்டு கேப்பினம். பெரும்போகம் அரிவு வெட்டி முடிஞ்ச பிறகு தம்பலகாமம் பக்கம் தெரிஞ்ச ஆக்களின்ர வயல் இருந்தா கேட்டுப்போட்டு அடிக்கலாம், அரிதாளுக்குள்ள பந்து தேடுறது கரைச்சல் எண்டபடியா 40, 60, 80 யாரில பழைய துவாயை விரிச்சு அதைக் குறிவைச்சு அடியுங்கோ. ஆக்கள், மாடு நடமாடுற பக்கம் வேண்டவே வேண்டாம். கோல்ஃப் பந்து 46 கிராம் கூட இல்ல, ஆனா தலையில பட்டா ஆஸ்பத்திரிதான். முத்தத்தில பழகிறதெண்டா ஓட்டை போட்ட பிளாஸ்டிக் பந்து விக்குது, அது போதும்.

கொடிக்கு நேர அடிக்கலாமோ?

அனேகமா வேண்டாம். என்னட்ட ஒரே ஒரு உபதேசம் கேட்டா இதைத்தான் சொல்லுவன்: பந்து எங்க போகவேணும் எண்டதை விட, பிழைச்சா எங்க கிடக்கவேணும் எண்டதை முதல்ல முடிவெடுங்கோ. சரிவில வெட்டின கிரீனில கொடிக்குக் கீழ்ப்பக்கம் கிடக்கிற பந்துக்கு அடுத்த அடி ஏத்தம், தைரியமா அடிக்கலாம். மேல்ப்பக்கம் கிடந்தா அடுத்த அடி இறக்கம், தொட்டாலே ஓடும்.

நான் பழகின கோர்ஸில ஒரு ஹோல், தூரம் 80 யாருக்குள்ள, கிரீன் மேட்டை வெட்டி எடுத்த ஒரு தட்டு. இடப்பக்கம் மேட்டுச்சுவர், வலப்பக்கம் விழுந்தா 20 அடி கீழ. முன்பக்கம் கிரீன் எண்டு பச்சையாத் தெரியிற முதல் நாலைஞ்சு அடி உண்மையில கிரீன் இல்ல, கீழ நோக்கிச் சரிஞ்ச நெற்றி. தங்கச்சியின்ர மனுசன், நல்லா அடிக்கிற ஆள், கொடி முன்பக்கம் வைச்ச ஒரு நாள் சாண்ட் வெட்ஜை எடுத்து நேரா அடிச்சார். பந்து கொடிக்கு ரெண்டடி இங்கால விழுந்தது, கொஞ்சம் நிண்டது, நாங்கள் கை தட்டினம். பிறகு மெல்ல ஒரு சுத்து பின்னால, இன்னொரு சுத்து, புல்லு வெட்டின விளிம்பைத் தாண்டினதும் வேகம் பிடிச்சு, ஆக்கள் ஏறி ஏறித் தேஞ்ச மண்பாதையில விழுந்து, துள்ளித் துள்ளி அவரின்ர சப்பாத்துக்குப் பக்கத்தில வந்து நிண்டது. மனுசன் ஒண்டும் கதைக்கேல்ல, அதே கிளப்பை எடுத்து அதே அடி அடிச்சார், பந்தும் அதே பாதையால வந்தது. பின்னால காத்துக்கொண்டு நிண்ட ஒரு வயசுபோன அம்மா, அந்த ஊர் ஆள், 7ம் அயனை எடுத்து இடப்பக்க மேட்டுச்சுவருக்கு ஒரு குட்டி அடி அடிச்சா. பந்து சுவரில பட்டு, வேகம் செத்து, தானா உருண்டு கிரீனுக்கு இறங்கிக் கொடிக்கு ஒரு பாகம் தள்ளி நிண்டது.

அதால டீயில நிண்டுகொண்டு கிரீனுக்கு எந்தப் பக்கம் சுவர் இருக்கு, எந்தப் பக்கம் பள்ளம் எண்டு பாருங்கோ. சுவர் இருந்தா அது உங்கட கூட்டாளி. முன்பக்கம் நெற்றி சரிஞ்சிருந்தா ஒரு கிளப் கூட எடுத்து நடுக் கிரீனுக்கு அடியுங்கோ, கொடி எங்க நிண்டாலும். பின்பக்கம் வெட்டவெளியாப் பள்ளமெண்டா மட்டும் முன்னால நிப்பாட்டுறது நல்லம், அங்க இருந்து ஏத்தத்தில ஒரு சிப் (குட்டியாத் தட்டிவிடுற அடி).

சரிவில நிண்டு அடிக்கேக்க பந்து கோணிக்கொண்டு போகுது, ஏன்?

டீ மட்டமா இருக்கும், தப்பின பந்துதான் சரிவில கிடக்கும். வலக்கைக்காரருக்குச் சொல்லுறன், இடக்கைக்காரர் மாத்தி வாசியுங்கோ. முன்பக்கம் ஏத்தமா இருந்தா பந்து உயரமா, தூரம் குறைய, கொஞ்சம் இடப்பக்கம் போகும். இறக்கமா இருந்தா தாழப் போய், விழுந்து கன தூரம் ஓடும், வலப்பக்கம் சாயும். பந்து உங்கட காலை விட உயரத்தில இருந்தா இடம், காலுக்குக் கீழ இருந்தா வலம். காரணம் கிளப்பின்ர முகம் சரிவோட சேந்து திரும்பிறது, உங்கட கையில பிழை இல்ல. குறியை அந்தளவுக்கு மற்றப்பக்கம் வையுங்கோ, தோளைச் சரிவுக்குச் சமாந்தரமா வையுங்கோ, முக்கால் வீச்சுக்கு மேல வேண்டாம். இறக்கத்தில நிண்டு அடிக்கிறதுதான் கஷ்டம், அதில பந்தை வலது கால்ப் பக்கம் வைச்சு, அடிச்ச பிறகு கிளப் சரிவோட கீழ போகட்டும்.

கிரீனில சரிவை எப்பிடி வாசிக்கிறது?

கிரீனுக்கு ஏறி வரேக்கயே பாக்கத் துவங்குங்கோ, மேல வந்த பிறகு எல்லாம் மட்டமாத்தான் தெரியும். மலையில கண் ஏமாத்தும்: பெரிய மலைச்சரிவுக்கு நடுவில கிரீன் கொஞ்சம் குறைவாச் சரிஞ்சிருந்தா மற்றப்பக்கம் சரிஞ்ச மாதிரியே தெரியும். மழை பேஞ்சா தண்ணி எந்தப் பக்கத்தால கிரீனை விட்டு வெளிய போகும் எண்டு யோசியுங்கோ, பந்தும் அந்தப் பக்கம்தான். குழிக்கும் பந்துக்கும் நடுவில தாழ்ந்த பக்கமாப் போய்க் குந்தியிருந்து பாத்தா நல்லாத் தெரியும். "கடல் பக்கம் இழுக்கும்" எண்டு எங்கட ஆக்களும் சொல்லுறவை, வெள்ளைக்காரரும் சொல்லுறவை, கடலுக்கு இறங்கிற நிலமெண்டா அது பாதி உண்மை, மிச்சப் பாதியைக் கிரீன் கட்டினவன்தான் தீர்மானிச்சிருப்பான்.

இறக்கப் பட்டில குழியை மறந்துபோட்டு, பந்து எந்தப் புள்ளியில இருந்து தானா உருளத் துவங்குமோ அந்தப் புள்ளிக்கு அடியுங்கோ. தவழுற பிள்ளைக்குப் பந்தை உருட்டிவிடுற மாதிரிக் கை இருக்கவேணும். 2019ல இருந்து கொடியைக் கழட்டாமலே பட் பண்ணலாம், இறக்கத்தில நான் கழட்டவே மாட்டன், கம்பில பட்டாவது நிக்கட்டும். ஏத்தப் பட்டில குழிக்கு எட்டாம விடுறதுதான் எல்லாரும் செய்யிற பிழை. குழி 108 மில்லிமீற்றர் அகலம், ஏத்தத்தில வேகமா வந்தாலும் பின்சுவரில பட்டு உள்ள விழும், பயப்பிடாதேங்கோ.

பங்கர்?

எங்களுக்கு உப்புவெளி, நிலாவெளி இருக்கேக்க ஏன் இதைக் கேக்கிறியள். ஆக்களில்லாத காலையில காஞ்ச மணலில ஒரு கோடு கீறி, அந்தக் கோட்டிலயே கிளப் இறங்கிற மாதிரிப் பந்தில்லாம அடிச்சுப் பழகுங்கோ, பிறகு பந்தைக் கோட்டுக்கு ரெண்டு விரல் முன்னால வையுங்கோ. பங்கரில பந்தை அடிக்கிறேல்ல, மணலைத்தான் அடிக்கிறது, மணல் பந்தைத் தூக்கிக்கொண்டு போகும். ஒண்டு மட்டும், விளையாட்டில அடிக்க முதல் பந்துக்குப் பக்கத்து மணலைக் கிளப்பால தொட்டா தண்டனை, கடற்கரைப் பழக்கத்தில தொட்டுப்போடாதேங்கோ. வெளிய வரேக்க அந்த மணலை இழுத்து மட்டமாக்கிப்போட்டு வாங்கோ.

பந்து துலைஞ்சா என்ன செய்யிறது? குரங்கு தூக்கிக்கொண்டு போனா?

தேட 3 நிமிசம்தான். கிடைக்காட்டி, அல்லது கோர்ஸின்ர எல்லையைக் காட்டுற வெள்ளைக் கட்டைக்கு வெளிய போனா, ஒரு அடி கூட்டி அடிச்ச இடத்திலயே போய்த் திரும்ப அடிக்கவேணும். மலையில திரும்ப இறங்கி ஏறுறது கொடுமை, அதால பந்து சந்தேகமெண்டா டீயில நிக்கேக்கயே "புறொவிஷனல் அடிக்கிறன்" எண்டு வாய்விட்டுச் சொல்லிப்போட்டு முதல் பந்து கிடைக்காட்டி வைச்சுக்கொள்ள இன்னொரு பந்தை அடியுங்கோ. பந்து கிடக்குது ஆனா பத்தைக்குள்ள அடிக்கேலாது எண்டா ஒரு அடி கூட்டி ரெண்டு கிளப் நீளத்துக்குள்ள, கொடிக்குக் கிட்டக் கொண்டு போகாம, முழங்கால் உயரத்தில இருந்து விடலாம். விட்ட பந்து சரிவில உருண்டு அந்த எல்லைக்கு வெளிய போனா திரும்ப விடுங்கோ, ரெண்டாந்தரமும் ஓடினா, அந்த ரெண்டாந்தரம் முதல்ல நிலத்தில பட்ட இடத்தில கையால வைக்கலாம். சரிவுக் கோர்ஸில இந்த விதி அடிக்கடி வேலைக்கு வரும்.

குரங்குக் கேள்வி பகிடி இல்ல, எங்கட பக்கத்தில நடக்கிற விசயம்தான். நிண்ட பந்தை மிருகம் எடுத்தா, நாய், குரங்கு, மான் எதெண்டாலும், தண்டனை இல்லாம முதல் கிடந்த இடத்தில வைச்சு அடிக்கலாம். ஆனா எடுத்தது கண்ணால கண்டிருக்கவேணும், அல்லது வேற வழியே இல்லையெண்டு நிச்சயமா இருக்கவேணும். பந்தைக் காணேல்லயெண்டவுடன குரங்கில பழியைப் போடேலாது.

எனக்கு 65 வயசு, முழங்கால் நோ. ஏலுமோ?

9 ஹோல் எண்டா ஒண்டரை மணித்தியாலத்துக்குள்ள முடியும், ஏறுறதை விட இறங்கிறதுதான் முழங்காலுக்குக் கெடுதல், நேர இறங்காம வளைஞ்சு வளைஞ்சு இறங்குங்கோ. செருப்போட போகவே வேண்டாம், பனி ஈரத்தில புல்லுச்சரிவு வழுக்கும், அடியில ரப்பர் முள்ளு இருக்கிற சப்பாத்து நல்லம், இல்லாட்டி நல்லாப் பிடிக்கிற ஓட்டச் சப்பாத்து. பையை இழுக்கிற தள்ளுவண்டி வைச்சிருந்தா சரிவுக்குக் குறுக்காத்தான் நிப்பாட்டவேணும், நேர விட்டா நீங்க பட் பண்ணி முடியேக்க அது அடுத்த ஹோலில நிக்கும்.

பொம்பிளையள், சின்னப் பிள்ளையள்?

இதை ஏன் தனிக் கேள்வியா வைச்சிருக்கினம் எண்டு எனக்கு விளங்கேல்ல. பழகிறதுக்கு இதை விட நல்ல இடம் இல்ல. பிள்ளையளுக்கு டீயை விட்டுப்போட்டு கிரீனுக்கு 40 யாரில இருந்து துவங்கக் குடுங்கோ, ஒரு ஹோலுக்கு 6 அடியோட பந்தைத் தூக்கச் சொல்லுங்கோ. பெரிய ஆளின்ர கிளப்பை வெட்டிக் குடுக்கிறது பாரம் கூடிப்போகும், வெட்ஜ் ஒண்டு பட்டர் ஒண்டு பிள்ளையள் அளவில வாங்கினா காணும்.

பார்-3 கோர்ஸில விளையாடின ஸ்கோருக்கு ஹேண்டிகேப் கிடைக்குமோ?

இப்ப கிடைக்கும். ஹேண்டிகேப் எண்டா உங்கட ஆட்டத்தின்ர தரத்தைச் சொல்லுற எண், குறையக் குறையக் கெட்டிக்காரர். உலக ஹேண்டிகேப் முறை 2020ல வந்தது, 2024 திருத்தத்தில சின்னக் கோர்ஸையும் சேத்தவை: 9 ஹோலுக்கு 750 யார், 18 ஹோலுக்கு 1,500 யார் இருந்தா அந்தக் கோர்ஸ் எவ்வளவு கஷ்டம் எண்டு சொல்லுற மதிப்பீடு எடுக்கலாம். மதிப்பீடு எடுத்த கோர்ஸோ எண்டு அங்க கேட்டுக்கொள்ளுங்கோ. துவங்கிற ஆளுக்கு ஆகக்கூடின ஹேண்டிகேப் 54, அதில வெக்கப்பட ஒண்டுமில்ல.

சீனக்குடாவுக்குப் போறதெண்டா?

முதல்ல போன் அடிச்சு நேரத்தையும் கட்டணத்தையும் கேளுங்கோ, படைமுகாம் பக்கம் எண்டபடியா அடையாள அட்டை கையில இருக்கட்டும். கொலர் வைச்ச ரீசேட், சப்பாத்து. காலமை 6 மணிக்கே துவங்குங்கோ, 10 மணிக்குப் பிறகு வெயில் கொல்லும், தண்ணி ஆளுக்கு ரெண்டு லீற்றராவது. மாரி துவங்கி நவம்பரில இருந்து ஜனவரி வரைக்கும் நிலம் ஊறிப்போய் இருக்கும், விழுந்த பந்து உருளாது, அப்ப ஒரு கிளப் கூட எடுக்கலாம்.

கடைசியா, ஆக்களுக்கு அடி படாம விளையாடுறது எப்பிடி?

மலைக்கோர்ஸில ஒரு ஹோலின்ர கிரீனும் அடுத்த ஹோலின்ர டீயும் முதுகோட முதுகா இருக்கும், மேட்டுக்கு அங்கால ஆக்கள் நிக்கிறது தெரியாது. சில இடத்தில மணி கட்டியிருப்பாங்கள், கிரீனை விட்டு வெளிக்கிட்டவுடன அடிச்சாத்தான் பின்னால நிக்கிறவை அடிக்கலாம், எங்கட ஆக்கள் மணியை அடிக்க மறந்துபோய் ஸ்கோர் எழுதிக்கொண்டு நிப்பினம். ஸ்கோரை அடுத்த டீயில போய் எழுதுங்கோ. பந்து பிழைச்சு ஆக்கள் பக்கம் போனா "ஃபோர்" எண்டு கத்தவேணும், கூச்சப்படாம, தொண்டை கிழிய. நீங்கள் அந்தச் சத்தத்தைக் கேட்டா எங்க இருந்து வருதெண்டு தலையை நிமித்திப் பாக்காதேங்கோ, குனிஞ்சு ரெண்டு கையாலயும் தலையை மூடுங்கோ.